பல்லைப் பார்க்கலாமா?

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?"

கேட்டவர் தலைமையாசிரியர். கேட்கப்பட்டவர் நாம். இடம், திருவல்லிக்கேணியிலே ஒரு பள்ளிக்கூடத்து மாடிப்படி. நேரம், சனிக்கிழமை நண்பகல் கடந்து ஒரு மணி. பழமொழியைச் சொல்லிவிட்டு அவர் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். நாம் அந்தப் படியிலேயே நின்றோம். அன்று பதில் வரவில்லை. மாதங்கள் பல சென்று, இப்போது எழுதுகிறோம்.

நடந்ததை முதலிலே சொல்லிவிட வேண்டும். மென்பொருள் தொழிலிலே இருப்போர் கூடி நடத்தும் அறமன்றம் ஒன்று நமது பள்ளிக்குப் பத்துக் கணினிகளை அளித்தது. பெயர் வேண்டாம், பெயரைத் தூற்றுவதற்காக இதை எழுதவில்லை. அந்த மன்றத்திலே குழுக்கள் பல உண்டு. கல்விக் குழு, நிதிக் குழு, பயிற்சிக் குழு, விழாக் குழு. குழுவினர் அனைவரும் தொண்டர்கள். எவருக்கும் ஊதியம் இல்லை. பகலெல்லாம், பல நாள் இரவெல்லாம், கடல் கடந்த நாட்டிலே இருக்கும் ஏதோ ஒரு நிறுவனத்துக்காகக் கண் விழித்து உழைத்துவிட்டு, எஞ்சிய பொழுதிலே "இல்லாத பிள்ளைகளுக்கு ஏதேனும் செய்வோம்" என்று எழுந்த இளைஞர்கள். அந்த எண்ணத்தை ஏளனம் செய்பவன் மனிதனல்லன்.

விழாக் குழு முதலிலே வந்தது. பதாகை வந்தது, பொன்னாடை வந்தது, படம் பிடிப்பவர் வந்தார். பிறகு பயிற்சிக் குழு வந்தது. சனிக்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு வகுப்பு என்று அறிவித்தது. நான்கு சனிக்கிழமைகள் நடந்தன. நல்ல வகுப்புகள் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு கட்டத்தை வரைந்து அதை நகர்த்துவது எப்படி என்று காட்டியபோது, நம் பிள்ளைகள் கண்ணிலே கண்ட ஒளியை நம்முடைய இலக்கண வகுப்பிலே நாம் என்றும் கண்டதில்லை. ஐந்தாவது சனிக்கிழமை எவரும் வரவில்லை. பத்து மணிக்குப் பிள்ளைகள் கூடினர்; பதினொன்றுக்குப் பாதிப் பேர் கலைந்தனர்; பன்னிரண்டுக்கு ஐந்தாறு பேர்; ஒரு மணிக்கு ஒரே ஒரு பெண். நடுக்குப்பத்துப் பெண், எட்டாம் வகுப்பு. "இன்னும் கொஞ்ச நேரம் பாக்கட்டுமா சார்?" என்றாள்.

குழுவின் செயலாளருக்குத் தொலைபேசியிலே பேசினோம். மரியாதையாகத்தான் கேட்டோம். அவர் சொன்ன மறுமொழி: "சார், நாங்கள் சம்பளத்துக்கா வருகிறோம்? முடிந்தபோது முடிந்ததைச் செய்கிறோம். இதற்கும் கணக்குக் கேட்டால் எப்படி?" இதைக் கேட்டுக்கொண்டே படியிறங்கிய தலைமையாசிரியர்தான் மாட்டையும் பல்லையும் நம் முன்னே கொண்டுவந்து நிறுத்தினார்.

ஆகவே கேள்வி இது: கூலி வாங்காமல், கட்டாயம் இல்லாமல், தானே முன்வந்து ஒருவன் செய்யும் தொண்டினைப் பற்றி, அதைப் பெறுகின்றவன் கேள்வி கேட்கலாமா? கேட்க உரிமை உண்டா, அல்லது கைகட்டி நன்றி சொல்வது மட்டும்தான் அவனுக்கு விதிக்கப்பட்டதா?

செயலாளர் சொன்னதிலே ஞாயம் இல்லையா? உண்டு. அதை மறைத்துவிட்டு வாதாடுவது வக்கீல் வேலை. நம் பள்ளிக்கு வரவேண்டும் என்று அவர்களை எந்தச் சட்டமும் வற்புறுத்தவில்லை. வராமலேயே இருந்திருந்தால் அவர்களை எவரும் குறை சொல்லியிருக்க முடியாது. இந்நகரிலே ஆயிரமாயிரம் பேர் எந்தப் பள்ளிக்கும் போகாமல் கடற்கரையிலே காற்று வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள்; அவர்களை நோக்கி நாம் விரல் நீட்டவில்லை. நான்கு முறை வந்தவனை மட்டும் ஐந்தாம் முறை ஏன் வரவில்லை என்று கேட்டால், நல்லது செய்ய வந்ததற்குக் கிடைத்த தண்டனையா இது என்று அவன் எண்ணுவது இயல்பே.

நாம் தங்கியிருப்பது ஒரு மேன்சனில். திருவல்லிக்கேணி மேன்சன்களைப் பற்றி வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கட்டில் ஒன்று, கொடி ஒன்று, அந்தக் கொடியிலே ஊரிலிருந்து வந்தவனின் சட்டைகள். அடுத்த அறையிலே இருப்பவர் மென்பொருள் எழுதும் இளைஞர், வேறொரு மன்றத்துக் குழுவிலே தொண்டு செய்பவர். அவரிடம் இதைச் சொன்னோம். அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "வாத்தியாரே, வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு அமெரிக்காவிலே இருப்பவன் 'இது உடைந்துவிட்டது' என்பான். சனிக்கிழமை விடியும்வரை நாங்கள் அதை ஒட்டவைப்போம். பத்து மணிக்கு உங்கள் பிள்ளைகள் முன்னாலே எப்படி நிற்பது?" பிறகு அவரே, சற்றுக் குரலைத் தாழ்த்தி, "உள்ளதைச் சொன்னால், குழுவிலே வேலை செய்ய மூன்று பேர், பெயர் போட்டுக்கொள்ளப் பதினைந்து பேர். அடுத்த வேலைக்கு விண்ணப்பிக்கும்போது எழுத உதவுமே" என்றார். அவரை நமக்குப் பிடிக்கும். இரவு பதினொரு மணிக்கு ரத்னா கபே மூடிவிட்டால் எங்கே டீ கிடைக்கும் என்று தெரிந்தவர் அவர் ஒருவரே.

ஞாயங்களையெல்லாம் ஏற்றுக்கொண்ட பிறகும் அந்தப் பெண்ணின் முகம் மறையவில்லை. ஏன் மறையவில்லை என்று நம்மையே கேட்டுக்கொண்டபோதுதான் ஒன்று தெரிந்தது. மறு வாரம் அவளை விசாரித்தோம். சனிக்கிழமை காலை அவள் தாய் மீன் கூடையோடு விற்கப் போகும் நேரம். மூன்று வயதுத் தம்பியைப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. வகுப்புக்கு வருவதற்காக அந்தத் தம்பியைப் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் விட்டாள். அதற்காக அந்த வீட்டுக்கு இரண்டு குடம் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். ஐந்து சனிக்கிழமை, பத்துக் குடம்.

இலவச வகுப்பு என்றார்கள். யாருக்கு இலவசம்? பணம் வாங்கவில்லை என்பது கொடுத்தவர் பக்கத்துக் கணக்கு. பெற்றவர் பக்கத்திலே செலவு எழுதப்பட்டுக்கொண்டேயிருந்தது. எழுதிப் பார்க்க எவருக்கும் தோன்றவில்லை. "சனிக்கிழமை பத்து மணிக்கு வருவோம்" என்று சொன்ன அந்த நொடியிலே கொடை முடிந்துவிட்டது, வாக்கு பிறந்துவிட்டது. வாக்கை நம்பி ஒருவர் தம் பொழுதை, தம் வேலையை, தம் தண்ணீர்க் குடத்தைப் பணயம் வைத்துவிட்டார் என்றால், அதன் பிறகு "விருப்பப்பட்டால் வருவேன்" என்று சொல்வதற்கு இடம் இல்லை. வருவதும் வராமலிருப்பதும் முதல் நாளிலே அவர் விருப்பம். வருவேன் என்று சொன்ன பிறகு அது அவர் விருப்பம் மட்டும் அன்று.

ஆனால் இவ்வளவு எளிய ஒன்று தலைமையாசிரியருக்கு ஏன் தெரியவில்லை? படித்தவர், நல்லவர், பிள்ளைகளிடம் அன்புள்ளவர். இங்கேதான் அந்தப் பழமொழியின் நஞ்சு இருக்கிறது. நம் நாட்டிலே தானம் என்ற சொல்லுக்கு நெடுங்காலமாக ஒரு பொருள் ஊட்டப்பட்டிருக்கிறது. கொடுப்பவனுக்குப் புண்ணியம், அவன் ஏட்டிலே வரவு. வாங்குகிறவன் யார்? அவன் அந்த வரவு எழுதுவதற்கு வேண்டிய எழுதுகோல். எழுதுகோலின் நலத்தை யார் விசாரிப்பார்? கோதானம், பூதானம், அன்னதானம் என்று அடுக்கிவைத்த சாத்திரங்கள், கொடுத்தால் எந்த உலகம் கிட்டும் என்று விரித்துரைத்த அளவுக்கு, பெற்றவன் வீட்டிலே அடுத்த நாள் அடுப்பு எரிந்ததா என்று கேட்டதுண்டா? கொடையின் மையத்திலே கொடுப்பவனின் ஆன்மாவை வைத்தார்கள். அதனால்தான் மாட்டின் பல்லைப் பார்ப்பது குற்றமாயிற்று.

வேடிக்கை என்னவென்றால், வைதிகத்தின் ஏட்டிலேயே பல்லைப் பார்த்த சிறுவன் ஒருவன் இருக்கிறான். கடோபநிடதத்திலே நசிகேதன். தகப்பன் வேள்வி செய்து மாடுகளைத் தானம் கொடுக்கிறான். எப்படிப்பட்ட மாடுகள்? இனி நீர் குடிக்க வலுவற்றவை, புல் தின்ன முடியாதவை, பால் வற்றியவை, கன்று ஈனாதவை. சிறுவன் அதைக் கண்டு மனம் பொறுக்காமல் தகப்பனைக் குடைகிறான். "என்னை யாருக்குக் கொடுக்கப்போகிறீர்?" என்று மூன்று முறை கேட்கிறான். சினந்த தகப்பன் "எமனுக்கு" என்கிறான். உரைகாரர்கள் எமனிடம் சிறுவன் பெற்ற ஞானத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அந்தக் கிழட்டு மாடுகளை ஓட்டிக்கொண்டு போனவர்கள் அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்பது நமக்குக் கவலை. ஏனெனில் நம் பள்ளிக்கு வந்த பத்துக் கணினிகளிலே மூன்று முதல் நாளே கண் திறக்கவில்லை. ஏதோ ஓர் அலுவலகத்திலே பால் வற்றியவை.

இதிலே இன்னொரு முரண். பல்லைப் பார்ப்பதே இந்தத் தொழிலின் உயிர்! மென்பொருள் எழுதுவோரைக் கேட்டுப் பாருங்கள். ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் வரிவரியாகப் படித்துப் பார்க்காமல் வெளியே விடுவது முறையன்று. எழுதியவர் எவ்வளவு வல்லவரானாலும் சோதனை உண்டு. குறை சொன்னால் எவரும் "நான் இரவெல்லாம் விழித்து எழுதினேனே" என்று கண்ணைக் கசக்குவதில்லை, குறையைத் திருத்துகிறார்கள். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தாரோ இன்னும் ஒரு படி மேலே போனவர்கள். ஊதியமின்றி எழுதுகிறார்கள், உலகுக்கே இலவசமாகக் கொடுக்கிறார்கள், கொடுக்கும்போதே உள்ளிருப்பதையெல்லாம் திறந்து காட்டி "பார், சோதி, பிழை இருந்தால் சொல், நீயே திருத்து" என்கிறார்கள். தானம் கொடுக்கும்போதே மாட்டின் வாயைத் திறந்து காட்டுகிறவர்கள்! அந்த மரபிலே வளர்ந்தவர்கள், நிரலிலே கடைப்பிடிக்கும் ஒழுங்கைத் தொண்டிலே ஏன் கழற்றி வைக்கிறார்கள்?

தமிழுக்கு இத்தகைய தொண்டர்கள் செய்தது சிறிதன்று. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாடுகளிலே சிதறிக் கிடக்கும் தமிழர்கள் தம் ஓய்வு நேரத்திலே பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு, பிழை பார்த்து, எவரும் விலையின்றிப் படிக்க வைத்த பணி. ஒருவர் தட்டச்சிட்டதை வேறொருவர் மெய்ப்புப் பார்ப்பது அதிலே வழக்கம். 2000ஆம் ஆண்டில் உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் பிறந்தபோது, கலைச்சொல், எழுத்துக் குறியீடு என்று துறைவாரியாகப் பணிக்குழுக்களை அமைத்துக்கொண்டது. அதிலே சண்டைகளும் நடந்தன. தமிழன் கூடும் இடத்திலே சண்டை இல்லாமலா? ஆனால் எழுத்துக் குறியீடு தவறினால் திரையிலே எழுத்துக்குப் பதில் கட்டம் தெரியும். எவரும் உடனே கேட்டுவிடுவார்கள். 2015 டிசம்பரிலே சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, நீர் சூழ்ந்த தெருக்களை மக்களே குறித்துக் காட்டும் வரைபடத்தை இணையத்திலே எழுப்பியவர்களும் இத்தகைய இளைஞர்களே. அங்கேயும் தவறான தெருவைக் குறித்தால் பாதிக்கப்பட்டவனே திருத்துவான். பெறுகின்றவன் பேச வழி இருந்த இடத்திலெல்லாம் தொண்டு உருப்பட்டது. நமது பள்ளியிலே அந்தப் பெண் யாரிடம் பேசுவாள்?

இங்கிலாந்து நாட்டிலே இலண்டன் மாநகரத்தில் ஒரு வழக்கம். நடுக்காலத்திலே துணி வணிகர், மளிகை வணிகர், பொற்கொல்லர் என்று தொழில்வாரியாக அமைந்த சங்கங்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. அவற்றுள் எது முந்தியது, எது பிந்தியது என்று 1515ஆம் ஆண்டிலேயே வரிசை வகுத்துவிட்டார்கள். முதலிடம் துணி வணிகரான மெர்சர்களுக்கு. அந்த வரிசையிலே நூறாவதாக 1992ஆம் ஆண்டில் இடம் பிடித்தது, 1985இல் தொடங்கப்பெற்ற தகவல் தொழில்நுட்பர் சங்கம். 2010இல் அதற்கு அரசப் பட்டயமும் கிடைத்தது. அங்கி அணிவதும் விருந்து உண்பதும் அவர்களுக்கு ஒரு பெருமை; அதை விட்டுத் தள்ளுவோம், நம்மவர்க்குப் பொன்னாடை எப்படியோ அப்படி. கவனிக்க வேண்டியது வேறு. அந்தச் சங்கமும் உறுப்பினர்களின் ஊதியமற்ற உழைப்பாலே, குழுக்களாலே நடப்பது. அந்த நூறாவது சங்கமும் முதலாவது சங்கமும் கைகோத்து 2011இல் ஹேமர்ஸ்மித் பகுதியிலே ஒரு பள்ளியைத் திறக்கத் துணை நின்றன. அந்நாட்டிலே பதிவுபெற்ற அறநிலையம் ஆண்டுதோறும் கணக்குக் காட்டவேண்டும். யாரும் அதைப் பார்க்கலாம். "தொண்டுதானே, கணக்கெதற்கு?" என்ற பேச்சு அங்கே செல்லாது. இங்கேயும் சட்டம் இல்லாமல் இல்லை. 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் கணக்கைக் கேட்கிறது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம், பெரிய நிறுவனங்கள் சராசரி நிகர இலாபத்திலே நூற்றுக்கு இரண்டைச் சமுதாயப் பணிக்குச் செலவிடவேண்டும் என்கிறது. எல்லாம் ரூபாய்க் கணக்கு. சனிக்கிழமைக்குக் கணக்குக் கேட்கும் சட்டம் எதுவும் இல்லை.

"வெளிநாட்டைப் பார்ப்பானேன்? குழு ஆட்சியை உலகுக்குக் கற்பித்ததே நாம்தான்; உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பார்" என்று நெஞ்சை நிமிர்த்தும் நண்பர்கள் உண்டு. பார்த்தோம். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறையிலே ஆண்டு வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர். முன்பு வாரியத்திலே இருந்து கணக்குக் காட்டாமற் போனவன் மறுபடி குடத்திலே பெயர் எழுதப்படும் தகுதி இழந்தான். அவனுடைய உறவினரும் இழந்தனர். எவ்வளவு கண்டிப்பு! நம் செயலாளர் அந்தக் காலத்திலே இருந்திருந்தால் அவர் மைத்துனருக்குக்கூட இடம் கிடைத்திராது. ஆனால் அதே கல்வெட்டு, குடத்திலே எவன் பெயர் போடலாம் என்றும் சொல்கிறது. வரி செலுத்தும் சொந்த நிலம் வேண்டும். சொந்த மனையிலே வீடு வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். அது பார்ப்பனர் ஊர்ச் சபை. ஏரியிலே இறங்கி மடை திறந்தவன், அந்த நீரிலே நாற்று நட்டவள், அந்த ஏரி வாரியத்திலே உட்கார முடியாது. கணக்குக் கேட்டார்கள், உண்மை, தமக்குள்ளே கேட்டுக்கொண்டார்கள். ஏரி யாருடைய வயிற்றுக்காகவோ, அவர்கள் கரையிலே நின்றார்கள்.

ஆயிரத்து நூறு ஆண்டுகள் கழித்து நம் அறமன்றத்தின் கல்விக் குழுவைப் பாருங்கள். பெறுகின்றவர் தரப்பிலே அதில் ஒருவரேனும் உண்டா? பள்ளிப் பிள்ளையின் தாய் உண்டா? ஆசிரியரேனும் உண்டா? இல்லை. வேதம் போய் ஆங்கிலம் வந்தது. நிலம் போய் நிறுவன அடையாள அட்டை வந்தது. கரையிலே நிற்பவர்கள் கரையிலேயே நிற்கிறார்கள்.

வேறு வகையான தொண்டும் இதே திருவல்லிக்கேணி கண்டதுதான். டாக்டர் நடேசனார் இங்கே மருத்துவம் பார்த்தவர். 1912இல் அரசு அலுவலகங்களிலே பணிபுரிந்த பார்ப்பனரல்லாதார் சிலர் கூடிச் சென்னை ஐக்கியக் கழகம் கண்டபோது அதற்கு உயிராய் நின்றவர். பின்னர் அது திராவிடர் சங்கம் ஆயிற்று. தொழில் தெரிந்தவர்கள், மாதச் சம்பளக்காரர்கள், அலுவலக நேரம் போக எஞ்சிய நேரத்திலே நடத்திய சங்கம் என்பதை இன்றைய மென்பொருள் தோழர்கள் குறித்துக்கொள்ளட்டும். வெளியூரிலிருந்து படிக்க வந்த நம் இன மாணவர்களுக்குச் சென்னையிலே தங்க இடமில்லை, சோறு போட விடுதியில்லை. சாதி கேட்டுக் கதவைச் சாத்தினார்கள். 1916இல் நடேசனார் திருவல்லிக்கேணியிலே திராவிடர் இல்லத்தைத் திறந்தார். பிற்காலத்தில் நாட்டின் நிதியமைச்சராக விளங்கிய ஆர்.கே. சண்முகம் போன்றோர் அங்கே தங்கிப் படித்தவர்கள். அந்த இல்லத்துக்கும் நமது பள்ளிக் கணினி அறைக்கும் வேறுபாடு எங்கே? நடேசனாரின் தொண்டு வெளியிலிருந்து வந்து இறங்கியதன்று. கதவு சாத்தப்பட்டவர்களிலே ஒருவராக நின்று அவர் கதவு திறந்தார். விடுதியிலே சோறு வேகவில்லை என்றால் மாணவன் அவர் வீட்டுக் கதவைத் தட்டலாம். அதே பேட்டையிலேதான் இருந்தார்.

அதற்கும் முன்னே, 1904இல், இங்கிலாந்தின் ராச்டேல் நெசவாளர்களைப் பார்த்து இதே பேட்டையிலே தோன்றியது திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம். அரிசி வாங்குபவனே சங்கத்தின் உறுப்பினன். கல் கலந்திருந்தால் "தானம்" என்று சொல்லி வாயடைக்க முடியாது.

"கேள்வி கேட்டால் நாளை எவரும் வரமாட்டார், உள்ளதும் போகும்" என்பார்கள். இந்த அச்சம் நமக்கும் இருந்தது. எண்ணிப் பார்த்தால், கேள்வி கேட்டவுடன் ஓடிவிடும் தொண்டு, கேட்காவிட்டாலும் ஐந்தாம் சனிக்கிழமை ஓடத்தான் செய்தது. மேலும், நாம் கேட்பது என்ன? வாரந்தோறும் வா என்றா? மாதம் ஒரு முறைதான் முடியும் என்றால் மாதம் ஒரு முறை என்று சொல்லுங்கள். வர முடியாத நாளில் வெள்ளிக்கிழமையே சொல்லுங்கள். மூன்று கணினி ஓடாது என்றால் ஏழு என்று எழுதுங்கள். இதைக் கேட்பது நன்றி கெட்ட செயலா? கொடுத்த மனத்துக்கு நன்றி, மாட்டின் பல்லுக்குச் சோதனை. இரண்டும் ஒரே வாயிலிருந்து வரலாம்.

"இதெல்லாம் அரசு செய்யவேண்டிய வேலை" என்றார் மேன்சன் நண்பர். முழுதும் உண்மை. 1920இல் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த தியாகராயர் ஆயிரம் விளக்குப் பள்ளியிலே பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு தந்தார், சிறிய முயற்சிதான். அந்த உணவு பின்னர் நாடெங்கும் பரவி, 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம்வரை வந்திருக்கிறது. இன்று ஒரு பிள்ளை தட்டைப் பார்த்து "குழம்பிலே உப்பில்லை" என்று சொல்லலாம். எவரும் பழமொழி சொல்லி அடக்க முடியாது, ஏனெனில் அது தானமன்று, உரிமை. கணினிக் கல்வியும் அப்படி ஆகவேண்டும், ஆகும். ஆனால் அந்தப் பெண் எட்டாம் வகுப்பிலே இருப்பது இந்த ஆண்டு.

இவ்வளவும் எழுதிய பிறகு நம் பங்கை மறைப்பது நேர்மையாகாது. ஐந்தாம் சனிக்கிழமைக்குப் பிறகு அந்த அறை ஏறக்குறைய ஐந்து மாதம் பூட்டிக் கிடந்தது. பூட்டியவர்கள் அறமன்றத்தார் அல்லர். இருப்புப் பதிவேட்டிலே ஏறிய பொருள், உடைந்தால் யார் பொறுப்பு என்ற அச்சத்திலே பள்ளி பூட்டியது. சாவி ஆசிரியர் அறையிலே, நம் மேசைக்கு நேர் மேலே தொங்கியது. நமக்குக் கட்டம் வரையத் தெரியாது. ஆனால் தட்டச்சுத் தெரியும், திறந்து உட்கார வைத்திருக்கலாம். நாம் சம்பளம் வாங்குபவர். ஊதியம் இல்லாதவரை ஒரு தொலைபேசியிலே கேட்டுவிட்டு, ஊதியம் உள்ள நாம் ஐந்து மாதம் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் பெண் இரண்டு முறை வந்து கேட்டாள். "பார்க்கலாம்" என்றோம்.

பிறகு, வெட்கம்தான் தள்ளியது என்று வைத்துக்கொள்ளுங்கள், பெற்றோர் சிலரிடம் கையெழுத்து வாங்கி அறமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினோம். குறை சொல்லவில்லை, குழுவிலே பெற்றோர் இருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், கூட்டத்தைப் பள்ளியிலேயே நடத்துங்கள் என்று கேட்டோம். சினம் வரும் என்று எதிர்பார்த்தோம். புதிதாக வந்திருந்த செயலாளர், ஓர் இளம்பெண், மூன்றாம் நாள் "வருகிறோம்" என்று எழுதினார். முதற் கூட்டத்துக்கு நடுக்குப்பத்துத் தாய் வந்தார். நாற்காலியிலே உட்காரத் தயங்கினார்; உட்கார்ந்த பிறகு தயங்கவில்லை. "காலைல எதுக்கு வைக்கிறீங்க? அதுதானே எங்க யாபார நேரம். நாலு மணிக்கு வச்சா எல்லாப் புள்ளையும் வருமே" என்றார். குழுவினர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டனர். இரவு விழித்த இளைஞர்களுக்கும் மாலை நான்கு மணிதான் ஏற்ற நேரம்! பத்து மணி என்று முதலிலே முடிவு செய்தது யார் என்று கேட்டதற்கு எவருக்கும் நினைவில்லை.

இப்போது ஏழு கணினிகளிலே ஆறு ஓடுகின்றன. கதவருகே ஆணியிலே ஒரு நோட்டுப் புத்தகம் நூலிலே கட்டித் தொங்குகிறது. யார் வந்தார், யார் வரவில்லை, எந்தக் கணினி பழுது என்று அந்தப் பெண்தான் எழுதுகிறாள். சென்ற சனிக்கிழமைக் குறிப்பு: "இரண்டு அண்ணன் வந்தார்கள். ஒரு அக்கா வரவில்லை, நேற்றே சொல்லிவிட்டார்கள். நாலாவது கம்ப்யூட்டர் சத்தம் போடுகிறது." அதன் கீழே, நம் பெயருக்கு நேரே, சிவப்பு மையிலே: "சார் பத்து நிமிஷம் லேட்."